கேசரி செய்து வைத்த வீடுகள்

17 ஆகஸ்ட் 2005, புதன்

முதலில் மன்னிப்பு. இந்த டைரி ஏதோ ஓர் உரக் கம்பெனி கஸ்தூரிரங்கன் சாருக்கு அனுப்பியது. வருஷம் பாதிக்கு மேல் போன பிறகு, "வீணாப் போறதேம்மா, நீயாவது எதையாவது எழுது" என்று கொடுத்தார். ஆபீஸ் விஷயம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் என்னைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேனாவும் ஆபீஸ் பேனா. சார் கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக் கடிதத்துக்கு ஆபீஸ் பேனாவைத் தொடாதவர். மன்னிச்சுக்குங்க சார். நாளைக்கு என் பேனாவைக் கொண்டுவந்துவிடுகிறேன்.

ஜனக்புரியில் சார் வீட்டுக்குக் கீழே, கார் நிறுத்த வேண்டிய அறைதான் ஆபீஸ். சாரிடம் கார் இல்லை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியவள் நான் ஒருத்திதான், அதுவும் தபாலில் படித்து.

வீட்டோடு படுத்துவிட்டவர்களுக்கு மருந்தும் சக்கர நாற்காலியும் கொடுக்க டெல்லியில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ அம்மாவுக்கோ மகளுக்கோ யாரும் எதுவும் தருவதில்லை. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. சாருடைய மனைவி பல வருஷம் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, மாமியார் போன அடுத்த வருஷமே தானும் போய்விட்டார். அதிலிருந்து சாருக்கு இது ஒரு பிடிவாதம். டிரஸ்ட் அப்படித்தான் தொடங்கியது. திட்டமும் சின்னதுதான்: வாரத்தில் ஒரு நாள், பயிற்சி பெற்ற ஒரு பெண் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வாள். வீட்டுக்காரி அன்று வெளியே போகலாம், தூங்கலாம். "மாற்று ஆள்" என்று சார் பெயர் வைத்திருக்கிறார். அதற்குப் பணம் தரக்கூடியவர்களைத் தேடிக் கடிதம் எழுதுவது என் வேலை.

எங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கிறார். அது சாருக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த அன்று, "அப்பா என்னம்மா பண்றார்?" என்று கேட்டார். "வீட்லதான் சார் இருக்கார்" என்றேன். பொய் இல்லை.

22 ஆகஸ்ட், திங்கள்

இன்று மூன்று பதில்கள். மூன்றிலும் சுனாமி: பணம் எல்லாம் அங்கே போய்விட்டதாம்.

2 செப்டம்பர், வெள்ளி

ஒரு பெரிய கம்பெனியின் தர்மப் பிரிவுக்குப் போன் செய்தேன். போன் செய்வதற்கு முன்னால் தண்ணீர் குடிப்பேன், பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வேன். இந்தியில் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மாள் இங்கிலீஷில் பேசினார். பாதி அங்கேயே போயிற்று.

"நீங்கள் தமிழ்க்காரர்கள்தானே? கடற்கரைப் பக்கம் எதுவும் செய்யவில்லையா? அதற்கு என்றால் இந்த வாரமே பணம் இருக்கிறது."

ஜனக்புரியில் கடல் இல்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டேன்.

சாரிடம் சொன்னதும் சிரித்தார். "பக்கத்துல நஜஃப்கட் நாலா, அந்தச் சாக்கடை இருக்கே. அதுல அலை அடிக்கறதுன்னு எழுதிப் பாக்கறதுதானே?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மாதம் என் சம்பளத்தை அவர் பென்ஷனிலிருந்து கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

12 செப்டம்பர், திங்கள்

மும்பையில் ஒரு நிதி நிறுவனம் விண்ணப்பம் கேட்டிருக்கிறது. கூடவே திட்டத்தின் விதிகளும் வேண்டுமாம். சார் தமிழில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், இங்கிலீஷில் அவரே மாற்றிக்கொள்வார். ஏழாவது விதி வந்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

"டிரஸ்டின் நிர்வாகிகள், பணியாளர்கள், அவர்தம் உறவினர்கள், இவர்களில் எவரும் இத்திட்டத்தின் பயனைப் பெறலாகாது."

என் விரல் நின்றதைப் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று நினைத்து விளக்கினார். "ஒரு சங்கத்துல, விதவைகளுக்குன்னு வந்த தையல் மெஷின் எல்லாம் செக்ரட்டரியோட மச்சினி ஆத்துல இருந்ததும்மா. நானே ஆடிட்டுக்குப் போய்ப் பாத்திருக்கேன். மேல துணி போட்டு மூடி, அதுல பூஜாடி வெச்சிருந்தா. அன்னிக்கு முடிவு பண்ணினேன். அடிச்சாச்சா?"

"அடிச்சுட்டேன் சார்."

ஒரு இடத்தில் கமா விட்டுப்போயிருந்தது. அதையும் நானே போட்டேன்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது வாய்க்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. பெறலாகாது. பெறலாகாது.

25 செப்டம்பர், ஞாயிறு

இன்று வீட்டில் எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார். அம்மா தண்ணீர் லாரிக்குப் போயிருக்கிறாள்.

அப்பா துவாரகாவில் அடுக்குமாடி கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தார். நாலு வருஷம். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தக் கட்டடத்தில் இப்போது ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், பால்கனியில் துணி காய்கிறது. அவரைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். நான் வீட்டில் இருக்கும் விடிகாலையில் மட்டும் அம்மா ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய் வருகிறாள். மற்ற வீடுகளை விட்டுவிட்டாள். நான் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை அவள் தனி ஆள்.

அம்மாவின் வலது தோள் மேலே தூக்க வரவில்லை. இன்றுதான் கவனித்தேன். இடது கையால் தலை சீவிக்கொள்கிறாள். வகிடு கோணல்.

"டாக்டர்கிட்ட போலாம்மா."

"நான் போயிட்டா இவரு?"

அவ்வளவுதான் பேச்சு. அம்மா எங்கேயாவது தனக்காக வெளியே போனது கடைசியாக எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

11 அக்டோபர், செவ்வாய்

சனிக்கிழமை காஷ்மீரில் பூகம்பம். நம்மிடம் "பரிசீலிக்கிறோம்" என்று சொன்ன இரண்டு பேரும் இன்று "இப்போதைய சூழ்நிலையில்" என்று எழுதிவிட்டார்கள். சார், "நியாயம்தானேம்மா" என்றார். நியாயம்தான். கோபப்படக்கூட வழியில்லாததுதான் அலுப்பாக இருக்கிறது. நம் வீடுகளில் எதுவும் இடிவதில்லை. யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

21 அக்டோபர், வெள்ளி

மும்பை நிதி கூப்பிட்டது! விண்ணப்பம் பிடித்திருக்கிறதாம். மேதா என்ற அவர்களுடைய டெல்லி அதிகாரி வந்து இரண்டு வீடுகளைப் பார்ப்பார். அதற்குப் பிறகு முடிவு. சார் மாடியிலிருந்து தானே காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.

10 நவம்பர், வியாழன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது புரிகிறதா என்று.

முதல் வீடு அனந்தலக்ஷ்மி மாமியுடையது. சேஷன் மாமாவுக்குப் பக்கவாதம். போன மாதம் இதே மாமி எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் நேரே படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமாடி" என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

இன்று கதவைத் திறந்ததும் ஊதுவத்தி வாசனை. அதற்குப் பின்னால் நெய். மாமி பட்டுக்கரை போட்ட புடவையில். சேஷன் மாமாவுக்குச் சவரம் செய்து, விபூதி இட்டு, புது வேஷ்டி கட்டி, பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். சரிந்துவிடாமல் இருக்க அங்கவஸ்திரத்தால் முதுகோடு சேர்த்து நாற்காலியில் கட்டி, மேலே சால்வையைப் போர்த்தியிருந்தார். கழிப்பு நாற்காலி பால்கனியில், படுக்கை விரிப்பு மூடி. எனக்குச் சாரின் தையல் மெஷின் கதை ஞாபகம் வந்தது. ஆனால் இது அது இல்லையே.

மேதா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். தமிழ் பேச வரும், நடுவில் இந்தி கலக்கும், படிக்க வராது. "ஆன்ட்டி, மத்லப், உங்களுக்கு ரெஸ்ட் எப்போ கிடைக்கறது?"

"எனக்கென்னம்மா கஷ்டம்? அவர் கொழந்தை மாதிரி. படுத்தவே மாட்டார். நீ மொதல்ல கேசரி எடுத்துக்கோ. முந்திரி பிடிக்காதோ?"

"ராத்திரி எழுந்துக்க வேண்டியிருக்கா?"

"அதெல்லாம் பழக்கம். பஜ்ஜி ஆறிடும், சாப்பிடு."

மேதா சாப்பிட்டாள். எழுதிக்கொண்டாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியிருக்க வேண்டியது நான். மாமி என்னைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், "நன்னா நடக்கறது இல்லையா?" என்பதுபோல. எப்படி வாயைத் திறப்பது?

இரண்டாவது வீடு நாங்கள் குடியிருக்கும் குடிசைப் பகுதியில், எங்கள் கேம்ப்பில், அடுத்த சந்தில், இந்திராணி அக்காவுடையது. அவள் மகனுக்குப் பிறந்ததிலிருந்து நடையும் இல்லை, பேச்சும் இல்லை. நாங்கள் போனபோது தரை கழுவி ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டுக் கண்ணாடித் தம்ளர், லிம்கா. மகனைக் காணோம்.

"பையன் எங்கே?" என்றாள் மேதா.

"அவன் வெளிய போயிருக்கான் மேடம்."

"அவன் நடப்பானா?"

இந்திராணி அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்கு என்ன ஹெல்ப் வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மேடம். இவ்ளோ தூரம் எங்களத் தேடி வந்தீங்களே, அதே போதும்."

மேதா ஆட்டோ ஏறியதும் கேட்டேன், ஏன்க்கா என்று. பையனை மூன்றாவது வீட்டில் படுக்க வைத்திருந்தாள்.

"வந்தவங்க முன்னாடி எச்சி ஒழுகிக்கிட்டுக் கெடந்தா அவனுக்குத்தான அசிங்கம்? அவனும் இருவது வயசுப் புள்ள கோமளா."

ஒருத்தி நம் வீட்டுக்கு வருகிறாள் என்றால் நாம் செய்வதைத்தான் இருவரும் செய்தார்கள். அவள் எதைப் பார்க்க வருகிறாள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் கேசரி செய்திருப்பார்கள்.

24 நவம்பர், வியாழன்

வந்துவிட்டது. "குடும்பங்கள் நன்றாகவே சமாளித்து வருகின்றன. இவர்களைவிடத் தேவை மிகுந்தோருக்கு முன்னுரிமை தர வேண்டியிருக்கிறது."

சார் இரண்டு முறை படித்தார். "சமாளிக்கறாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். என் சம்பளம் எத்தனை மாதம் வரும் என்று நினைத்தேன். அதை நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் மேதாவே போன் செய்தாள். "கோமளா, நீ ப்ரொபோசல்ல எழுதினது வேற, நான் பாத்தது வேற. நான் கேசரிதான் பாத்தேன். ரிப்போர்ட்ல பாத்ததைத்தானே எழுத முடியும்? ஃபைல் இன்னும் என்கிட்டதான் இருக்கு. டிசம்பர் பாதிக்குள்ள இன்னும் ஒரு வீடு காமி. நிஜமா காமி."

சார் அனந்தலக்ஷ்மி மாமியிடம் பேசிப் பார்த்தார். மாமி உடனே சம்மதித்துவிட்டார். "ஒரு நாள் முன்னாடி மட்டும் சொல்லிடுங்கோ, அது போறும்."

27 நவம்பர், ஞாயிறு

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"தை பொறந்ததும் வேலைய வுட்டுரு பாப்பா."

வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஒன்னையப் படிக்க வெச்சது இதுக்கில்லதான். எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா ஒத்தையா முடியல. நேத்து அவரப் பொரட்டறப்ப கை நழுவிருச்சு. கட்டில் விளிம்புல தலை இடிச்சிருச்சு. அவரு சிரிக்கறாரு. நான் அழுவேன்னு சிரிக்கறாரு."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் முகத்தைத்தான் திருப்ப முடியும்.

தை பிறக்க ஒன்றரை மாதம். வேலையை விட்டால் என் சம்பளமும் போகும். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கிறாள் என்றால் எவ்வளவு முடியவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் படிச்சது எதுக்கு? ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் ஆள் தேடறேன். எங்கம்மாவுக்கு நானேதான் ஆளா?

29 நவம்பர், செவ்வாய்

சார் பேங்குக்குப் போயிருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. தாளில் எதுவும் எழுதவில்லை. மேதாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வீடு இருக்கு மேடம். எங்க வீடு. சொல்லாம வரணும். எங்கம்மாகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

"உங்க வீடா? நீ சொல்லவே இல்லையே."

"எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது மேடம். ஏழாவது விதி இருக்கு. பாக்கறதுக்கு மட்டும்தான்."

போனை வைத்தேன். செய்வது சரிதானா? அம்மாவைக் கேட்டால் தரை கழுவுவாள். கேட்காமல் கூட்டிப்போனால்? அனந்தலக்ஷ்மி மாமிக்கு இருக்கும் மானம் என் அம்மாவுக்கு மட்டும் இல்லையா என்ன?

6 டிசம்பர், செவ்வாய்

மேதாவும் நானும் முற்பகலில் போனோம். சாரிடம் வீட்டில் கொஞ்சம் வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அம்மா நைட்டியில், தோளில் துண்டோடு, அப்பாவை ஒருக்களித்துப் பிடித்தபடி அடியில் இருந்த துணியை உருவிக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். வெளிச்சம் மறைந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டாள்.

"வா வா, ஜல்தி. அந்தப் பக்கம் புடி. தோள் வுட்டுப்போச்சு எனக்கு."

நான் நகர்வதற்குள் மேதா பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடித்தாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"கையில்ல, இடுப்பு. இடுப்பப் புடி. ஆங்... வுட்றாத."

அம்மா துணியை உருவி, துடைத்து, பவுடர் போட்டு, புதுத் துணியைச் செருகினாள். மேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் அம்மா தலையைத் தூக்கினாள். முதலில் மேதாவைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னை.

அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

அப்பாதான் பேசினார். "மன்னிச்சுக்குங்க மேடம். ஆபீசர் வந்தா எந்திரிக்கணும். நம்ம காலு இப்ப லீவுல இருக்கு."

மேதா சிரிக்க முயன்றாள். கண்ணில் தண்ணீர். உட்கார நாற்காலி இல்லை. கேசரி இல்லை. அம்மா ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் அம்மா வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதது அதுதான் முதல் தடவை. கொடியில் கிடந்த புடவையை எடுத்து நைட்டிமேல் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். மேதா எதுவும் கேட்கவில்லை. எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டாள்.

"எங்களக் காட்டித்தான் காசு வாங்கணுமா பாப்பா? ஒன் அப்பா துணியில்லாமக் கெடக்கறத ஊருக்குக் காட்டுவியா? நாலு வீட்ல எச்சிப் பாத்திரம் தேச்சேனே, அந்த வீட்டுக்காரி எவளயாச்சும் ஒரு நாள் இந்த வாசப்படி மிதிக்க வுட்டேனா?"

இதனால் நமக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பதை நான் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை.

தப்புதான். தப்புன்னு தெரிஞ்சுதான் பண்ணேன். வேற என்ன பண்றது?

9 டிசம்பர், வெள்ளி

அம்மா பேசுவதில்லை. டிபன் டப்பா மட்டும் காலையில் தயாராக இருக்கிறது.

2 ஜனவரி 2006, திங்கள்

டைரி டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. ஆகஸ்டில் ஆரம்பித்ததால் முன்பக்கம் எல்லாம் காலியாகத்தான் இருக்கிறது. ஜனவரியிலிருந்து எழுதுகிறேன். கிழமைதான் ஒத்துப்போகாது, போகட்டும்.

சனிக்கிழமையிலிருந்து ஜனக்புரி வழியாக மெட்ரோ ஓடுகிறது. ஆபீஸ் ஜன்னலில் புதுச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தபால் வந்தது. மும்பை நிதி சம்மதித்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு, பதினைந்து குடும்பங்கள்.

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

கூடவே மேதாவின் அறிக்கை நகலும் வந்திருந்தது. சார் விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "பணியாளர் ஒருவரின் வீட்டில்" என்று இருந்திருக்கும். இங்கே பணியாளர் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எத்தனை வருஷமாம்மா?"

"நாலு சார்."

"அந்த விதியை உன்னையே அடிக்க வெச்சேனே."

"நீங்க சொன்னது சரிதான் சார்."

"சரிதான்" என்றார். "அதுதான் கஷ்டமா இருக்கு."

13 ஜனவரி, வெள்ளி

போகி. மாற்று ஆட்களுக்கான பயிற்சி முடிந்தது. இந்திராணி அக்காவும் அதில் ஒருத்தி. அவள் மகனை ஒரு நாள் இன்னொரு பெண் பார்த்துக்கொள்வாள், இவள் மற்ற நாட்களில் அடுத்த வீடுகளுக்குப் போவாள். முதல் சம்பளத்தில் சொந்தமாக ஒரு நாற்காலி வாங்கப் போகிறாளாம். "இனிமே எவ வந்தாலும் கடன் கேக்க வேணாம்" என்று சிரித்தாள்.

சார் என்னைக் கூப்பிட்டார். "மேதாகிட்ட பேசினேன். நம்ம கமிட்டி ஏழாவது விதியை மாத்தித் தீர்மானம் போட்டா அவாளுக்கு ஆட்சேபணை இல்லையாம். ஆனா நான் கேக்க மாட்டேன் கோமளா. என் ஆபீஸ்ல வேலை செய்யற பொண்ணுக்காக நானே விதியை மாத்தினேன்னா, நாளைக்கு எவன் வேணா மாத்துவான். கேக்கறதுன்னா நீதான் கேக்கணும். அன்னிக்கு நான் ரூம்ல இருக்க மாட்டேன். நான் இருந்தா அவா எனக்காகச் சரின்னுடுவா."

டிரஸ்ட் கமிட்டியில் சாரைத் தவிர ஐந்து பேர். எல்லோரும் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் இதுவரை அவர்களுக்கு டீ மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.

14 ஜனவரி, சனி

தை பிறந்துவிட்டது. அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

22 ஜனவரி, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

சார் சொன்னபடியே எழுந்து வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தால், குளிரில் மப்ளரோடு குல்மொஹர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மாணிக்கவாசகம் ஐயா தலைமை. பழைய ஹெட்மாஸ்டர். "சத்தமாப் பேசும்மா, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்" என்றார்.

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. பதினைந்து குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது வந்த வார்த்தைகள், ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது வரவில்லை. அம்மா இடது கையால் தலை சீவுவதைச் சொன்னேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒருவர், "இப்படி ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் பதிலைச் சேர்த்தே தீர்மானம் எழுதச் சொன்னார்கள். பணியாளர் குடும்பத்துக்கும் தரலாம், ஆனால் யாருக்கு எந்த நாள் என்று முடிவு செய்வதில் அந்தப் பணியாளருக்குப் பங்கு இருக்கக் கூடாது. மும்பை நிதியின் சம்மதம் எழுத்தில் வர வேண்டும். நானே எழுதிக்கொண்டேன்.

சாரைக் கூப்பிட வெளியே போனேன். என் முகத்தைப் பார்த்தார். "கையெல்லாம் விறைச்சுப் போச்சும்மா, டீ இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏழாவது விதியிலிருந்து. கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். கடைசியில், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள். "அப்ப அன்னிக்கு நமக்கு ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சேதான் கூட்டியாந்தியா?"

ஆமாம் என்றேன்.

"பைத்தியக்காரப் புள்ள" என்றாள்.

வேலையை விடுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

7 பிப்ரவரி, செவ்வாய்

டைரியில் திங்கள் என்று அச்சாகியிருக்கிறது. இன்று செவ்வாய். மும்பையின் சம்மதம் எழுத்தில் வந்து, எங்கள் வீட்டு முறை இன்றுதான் தொடங்குகிறது. இது என் சொந்தப் பேனா.

மத்தியானம் கேம்ப் முனையில் இருக்கும் பூத்துக்குப் போன் செய்து, இந்திராணி அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க வந்தாள். "ஒங்கப்பா தூங்கறாரு. கதை பேசிப் பேசியே என்னை ஓய வெச்சுட்டாரு. ஒங்கம்மாவா? இன்னும் வரல கோமளா."

வைத்துவிட்டு, சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் நடந்தது இது. அம்மா விடியும் முன்பே எழுந்து தரையைக் கழுவிவிட்டாள். அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, துணி மாற்றி, புது விரிப்புப் போட்டாள். எதிர் வீட்டிலிருந்து கண்ணாடித் தம்ளர் வந்திருந்தது. நான் கண் விழித்ததே நெய் வாசனையில்தான். எங்கள் வீட்டில் கேசரி.

இந்திராணி அக்கா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏக்கா, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்? எல்லாத்தையும் நீயே முடிச்சுட்டா எனக்கு என்ன வேலை?"

"எங்கூடப் பேசறது" என்றார் அப்பா. "இவ பேச மாட்டா. திட்டுவா."

அம்மா அவளை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் வைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தலையில் எண்ணெய் வைத்திருந்தாள், வகிடு கோணல். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சந்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே அப்பாவைப் பார்த்தாள்.

"எங்க போறது பாப்பா?" என்றாள். "எனக்கு எங்க போறதுன்னே தெரியல. நான் பாட்டுக்கு இங்கயே உக்காந்துக்கறேன். அவளுக்கு ஏதாச்சும் எடுத்துக் குடுக்கணுமில்ல."

மும்பையில் கேட்டிருக்கிறேன். பெயர்கூடச் சொல்ல வராத வெளிநாட்டு நிதிகளிடம் எல்லாம் கேட்டிருக்கிறேன். ஐந்து பெரியவர்கள் முன்னால் நின்று கேட்டேன். அம்மாவிடம் மட்டும் எதுவும் கேட்டதில்லை. கேட்கும் உரிமையை அந்த டிசம்பர் காலையோடு தொலைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை எடுத்துக் காலுக்குப் பக்கத்தில் போட்டேன். குனிந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்:

"எங்கயாச்சும் போய்ட்டு வாயேம்மா. எங்கன்னு எங்கிட்டகூடச் சொல்ல வேணாம். ஆபீஸ்ல ஒக்காந்து, எங்கம்மா இப்ப வீட்ல இல்லன்னு நான் ஒரு நாளாச்சும் நெனச்சுக்கணும்."